வெறும் சுளுக்குத்தானா?

மலையகத் தோட்டங்களில் வேலை செய்யும் எனக்கு அடிக்கடி கேட்கக் கிடைக்கும் பதில், “ஒண்ணுமில்ல மிஸ், சுளுக்குத்தான்” என்பது. சொல்பவர் பெரும்பாலும் பெண்ணாகவே இருப்பார். மழைக்கு வழுக்கும் மலை, தேயிலைச் செடிகளுக்கிடையே மறைந்து கிடக்கும் கான், முதுகில் கொழுந்துப் பாரம். கால் பிசகுவதற்கு வேறென்ன வேண்டும்?

கணுக்கால் சிறிய மூட்டு. ஆனால் முழு உடம்பையும் தாங்குவது. கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் பாதத்தின் மேலெலும்பை இடுக்கிபோலப் பிடித்திருக்கின்றன. அந்த எலும்பு 1 மில்லிமீற்றர் வெளிப்பக்கம் விலகினாலே மூட்டின் தொடுபரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைகிறது என ரம்சி, ஹமில்ரன் என்ற இரு ஆய்வாளர்கள் 1976 இல் எழுதினார்கள். பாரமெல்லாம் சிறிய இடத்தில் விழ, குருத்தெலும்பு தேய்ந்து காலப்போக்கில் மூட்டுவாதம் வரலாம்.

அது பிறகு வரும் கரைச்சல். மூட்டு விலகியிருந்தால் முதல் சில மணித்தியாலங்களே பொல்லாதவை. கணுக்காலில் சதை குறைவு. விலகிய எலும்பு உள்ளிருந்து தோலை நெருக்கும்போது அவ்விடத்துக்கு இரத்தம் போகாமல் தோல் செத்துவிடும். நரம்பும் இரத்தக்குழாயும் நெரிபடலாம்.

நான் சென்று பார்த்த ஓர் அக்காவுக்கு 46 வயது. சீனி வருத்தம் உள்ளவர். கானில் விழுந்தவரை இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்து லயத்துக்குக் கொண்டுவந்தார்கள். பாதம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அயலவர் ஒருவர் எண்ணெய் போட்டு உருவி, மூங்கில் வைத்து இறுக்கிக் கட்டிவிட்டார். முறிவு நெரிவு வைத்தியத்தில் கைதேர்ந்தவர்கள் உண்டு, அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எக்ஸ்ரே பார்க்காமல் உருவுவதும் வீங்கும் காலை இறுக்கிக் கட்டுவதும் ஆபத்து.

மூன்றாம் நாள் நான் போனபோது கால் முழுவதும் கொப்புளம். உட்பக்கத் தோல் கறுத்திருந்தது. “நான் வார்ட்ல கெடந்தா இங்க யாரு அடுப்பு பத்த வைக்கிறது?” என்று கேட்டார். நோயாளிக்கு வழமையான கடமைகளிலிருந்து சமூகம் விலக்களிக்கிறது என்று டல்கொட் பார்சன்ஸ் 1951 இல் எழுதியதைப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பரீட்சையும் எழுதினேன். லயத்துப் பெண்ணுக்கு அந்த விலக்கை யார் கொடுக்கிறார்கள் என்று அந்தப் புத்தகத்தில் இல்லை.

ஆஸ்பத்திரியில் இருபுறமும் முறிவு, மூட்டும் விலகல் என்றார்கள். வீக்கம் வற்றும்வரை வெளியே கம்பிச் சட்டம் பூட்டினார்கள். காயத்தில் கிருமி தொற்றியது, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். சீனி வருத்தக்காரருக்கு எலும்பு பொருந்தத் தாமதமாகும். நரம்பு மரத்திருந்தால் வலி தெரியாமல் கால் ஊன்றி மூட்டையே நொறுக்கிவிடுவார்கள். அதனால் 5 மாதம் அந்தக் காலை ஊன்ற விடவில்லை. கால் தப்பியது. மலை ஏற முடியவில்லை.

சகோதரிகளே, விழுந்த பின் 4 அடி வைக்க முடியாவிட்டால், அல்லது கணுக்கால் மொளியின் பின்விளிம்பை அழுத்தும்போது வலித்தால், எக்ஸ்ரே அவசியம். பாதம் கோணியிருந்தால், குளிர்ந்தால், வெளிறினால், விரல் மரத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். 1990 ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மெட்டியையும் கொலுசையும் வீங்குமுன் கழற்றுங்கள். கால் இருந்தபடியே தலையணை வைத்துத் தாங்குங்கள். ஆறுதலுக்கென்று பிளேன்டீ கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம்.

பிளாஸ்ரர் போட்டதோடு முடியவில்லை. கட்டுக்குள் வலி கூடிக்கொண்டே போனாலும், விரலை அசைக்கவே உயிர் போவதுபோல் இருந்தாலும் இரவென்று பார்க்காமல் திரும்பிப் போக வேண்டும். சில வாரம் அசையாதிருக்கும் காலில் இரத்தம் கட்டியாகி நுரையீரலுக்குப் போகக்கூடும். கெண்டைக்கால் வீக்கம், திடீர் மூச்சுமுட்டு, நெஞ்சு நோவு ஆகியவற்றை “வாய்வு” என்று தள்ளிவிடுவது நம் வழக்கம்.

வேலையில் நேர்ந்த விபத்துக்கு நட்டஈடு கேட்க 1934 இல் வந்த தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் அந்த அக்கா விழுந்ததை அன்று எவரும் பதியவில்லை. தூக்கி வந்த இரு பெண்களும் சாட்சி சொல்லச் சம்மதித்திருக்கிறார்கள். வைத்திய அறிக்கை கைக்கு வந்துவிட்டது, விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.