அப்பாவின் கைப்பேசியில் நான் திறந்து வைத்த கதவு

தஞ்சோங் ரம்புத்தான் என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே பல்கலைக்கழகத்தில் சிரிப்பவர்கள் உண்டு. 1911 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை எங்கள் ஊரில் இருப்பதுதான் காரணம். இன்று அதற்கு உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்று பெயர். “அங்கிருந்து எப்படித் தப்பி வந்தாய்?” என்று கேட்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். ஆனால், 2022 செப்டம்பரில் என் அப்பா, “எனக்குப் புத்தி கெட்டுப் போச்சும்மா” என்று தலையில் அடித்துக்கொண்டபோது என்னால் சிரிக்க முடியவில்லை.

அப்பா ஒரு தொழிற்சாலையில் பாதுகாவலர். ‘ஜாகா’ என்றால்தான் எங்கள் ஊரில் புரியும். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். கதவைச் சாத்தாமலே தூங்கிய காலம் அது என்பார். இப்போதோ படுக்கப்போகுமுன் வீட்டுப் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். அப்படிப்பட்டவரின் வங்கிக் கணக்கிலிருந்துதான் ஒரே இரவில் 4,300 ரிங்கிட் மறைந்தது. அது என் மேற்படிப்புக்காக அவர் சேர்த்து வைத்த பணம்.

அம்மா ஈப்போவில் பிறர் வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போகிறவர். அந்த ஆண்டு அவருக்கு முழங்கால் வலி அதிகமாக இருந்தது. தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தபோது, “இந்த வருஷமாவது உங்கம்மா உட்காரட்டும்” என்று அப்பா முகநூலில் ஒரு துப்புரவுச் சேவை விளம்பரத்தைத் தேடிப் பிடித்தார். கட்டணம் மலிவு. பேசியவர் மிகுந்த மரியாதையோடு ‘அங்கிள்’ என்று அழைத்தாராம். முன்பதிவு செய்யப் புலனத்தில் ஒரு செயலியை அனுப்பினார். அப்பா அதைத் தன் கைப்பேசியில் நிறுவினார். முன்பணம் பத்து ரிங்கிட் கட்டச் சொல்லி வங்கிப் பக்கம் ஒன்று திறந்தது. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினார். “கோளாறு, பிறகு முயலவும்” என்று வந்தது. அவ்வளவுதான்.

அந்த வங்கிப் பக்கம் போலி. அந்தச் செயலியின் உண்மையான வேலை, அவருக்கு வரும் குறுஞ்செய்திகளைப் படித்துத் திருடர்களுக்கு அனுப்புவது. நாம் ‘டேக்’ என்று சொல்லும் உறுதிப்படுத்தும் எண்ணும் அவர்கள் கைக்கே போனது. பயனர் பெயர், கடவுச்சொல், டேக் எண் ஆகிய மூன்றும் சரியாக இருந்ததால், வாடிக்கையாளரே பணத்தை அனுப்பியதாகக் கருதுவதாக வங்கி பதில் சொன்னது. காவல் நிலையத்தில் புகார் செய்தோம். பணம் திரும்பவில்லை.

நண்பர்களே, இதுவரை சொன்னது ஊரறிந்த கதை. ஊரறியாதது ஒன்று உண்டு.

ஆண்ட்ராய்டு கைப்பேசி, வெளியிலிருந்து வரும் செயலியை எளிதில் உள்ளே விடாது. “அறியாத இடத்துச் செயலிகளை நிறுவ அனுமதி இல்லை” என்று தடுக்கும். அப்பாவின் கைப்பேசி தடுக்கவில்லை. ஏனென்றால், அதற்கு நான்கு மாதங்களுக்கு முன், புதுப்படங்களை இலவசமாகப் பார்க்கும் செயலி ஒன்றை அதே புலனம் வழியாக அவருக்கு அனுப்பி, அந்த அனுமதியைத் திறந்துவிட்டவள் நான். மூடவில்லை. மூட வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்த நான்தான் எங்கள் வீட்டின் ‘கணினி நிபுணர்’!

ஊடுருவிகள் என்றால் இருட்டறையில் அமர்ந்து இயந்திரங்களை உடைப்பவர்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் முதலில் தட்டுவது மனித மனத்தை. 2000 ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து பரவிய ‘ஐ லவ் யூ’ நச்சுநிரல், ஒரு காதல் கடிதம் போல மின்னஞ்சலில் வந்து உலகெங்கும் கணினிகளைத் தாக்கியது. அன்று காதல் கடிதம், எங்கள் வீட்டில் ஒரு துப்புரவுச் சேவை. நம் தகவல்களும் ஏற்கெனவே வெளியே உலவுகின்றன. 2017 அக்டோபரில், நம் நாட்டின் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் இணையத்தில் கசிந்தது தெரியவந்தது. பெயர், முகவரி, அடையாள அட்டை எண் வரை அதில் இருந்தன. ஆகவே, அழைப்பவர் நம் அடையாள அட்டை எண்ணைச் சரியாகச் சொல்கிறார் என்பதற்காக அவரை நம்பிவிடக் கூடாது.

அப்பா ஏமாந்த சில நாள்களிலேயே, வங்கிகள் குறுஞ்செய்தி டேக் முறையைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாற வேண்டும் என்று பேங்க் நெகாரா அறிவித்தது. அக்டோபரில் தேசிய மோசடி எதிர்வினை மையம் 997 என்ற எண்ணுடன் தொடங்கப்பட்டது. எங்களுக்குத்தான் சில வாரம் தாமதம்.

2023 இல் எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பி.டி.பி.டி.என். கடனுக்கான பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “என்னாலதானேம்மா உனக்கு இந்தக் கடன்?” என்றார். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நான் படம் பார்க்கணும்னுதானே செஞ்சே. இப்ப அதைச் சாத்திட்டியா?” என்று கேட்டார். சாத்திக் காட்டினேன். வழக்கம்போல, “இன்னொரு தடவை பாரும்மா” என்றார்.

விடுமுறைக்கு வீடு திரும்பும் நண்பர்களே, உங்கள் பெற்றோரின் கைப்பேசியை ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். அறியாத செயலிகளுக்கான அனுமதியை மூடுங்கள். குறுஞ்செய்தி படிக்கும் உரிமை எந்தெந்தச் செயலிக்கு இருக்கிறது என்று பாருங்கள். வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் ஒரே கடவுச்சொல் இருந்தால் மாற்றுங்கள். பிறந்த தேதி கடவுச்சொல்லே அன்று. முன்பின் அறியாத கணக்குக்குப் பணம் அனுப்புமுன், காவல் துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் அந்த எண்ணைத் தேடிப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் உடனே இணையத் தொடர்பைத் துண்டித்து, வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழைக்க வேண்டும். அப்பா வெட்கப்பட்டு மறுநாள் மாலைவரை எங்களிடம் வாய் திறக்கவில்லை. திருடர்களுக்கு அந்த நேரமே போதுமானதாக இருந்தது.

ஆகவே, எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. “என்ன நடந்தாலும் முதலில் என்னிடம் சொல்லுங்கள், நான் திட்ட மாட்டேன்” என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள். என் அப்பா என்னைத் திட்டவில்லை.