நேராகப் போகும் விமானம்

விமானப் பயணத்தைப் பற்றி எழுத இவளுக்கு என்ன வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நானும் பால்மரம் வெட்டிய வீட்டில் பிறந்தவள்தான். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில், விடியுமுன் பிரட்டுக்கு ஓடிய அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவள். இன்று அந்த லயங்கள் இல்லை. பாதி செம்பனை, பாதி தாமான். கோயில் மட்டும் பழைய இடத்தில் நிற்கிறது.

ஆனால் உங்களை ஒன்று கேட்கிறேன், வாசகர்களே. உங்கள் வீட்டில் எண்பதை நெருங்கிய ஒருவர் இருக்கிறாரா? "சாகறதுக்குள்ள ஒரு தடவை ஊருக்குப் போயிட்டு வந்துடணும்" என்று அவர் எப்போதாவது சொன்னதுண்டா? அப்படியானால் இது உங்கள் வீட்டு விஷயமும்தான்.

என் அம்மா 1949-இல், எட்டு வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். 1926-இல் கட்டிய கப்பல் அது. நாகையில் அது கரையை ஒட்டி நிற்காது. படகில் போய், ஆடுகிற ஏணியைப் பிடித்து ஏறவேண்டும். மேல்தட்டில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, பினாங்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம். வந்ததும் ஜெரஜா தீவில் சில நாள் அடைத்து வைத்தார்களாம். அதையெல்லாம் அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். சொல்லாத ஒன்று உண்டு. இரண்டு வயதுத் தங்கையை ஆயாவிடம் விட்டுவிட்டுத்தான் தாத்தாவும் பாட்டியும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். அந்தத் தங்கைதான் என் சின்னம்மா. துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இன்றும் இருக்கிறார்.

அக்காளும் தங்கையும் அதற்குப் பிறகு எத்தனை முறை பார்த்துக்கொண்டார்கள் தெரியுமா? 2025-க்கு முன்னால் இரண்டே முறை.

முதல் முறை 1978-இல். ரஜூலா 1973-இலேயே ஓய்ந்துவிட்டது. சிதம்பரம் என்ற கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. தோட்டத்திலிருந்து லாரி, சுங்கை சிப்புட்டிலிருந்து ரயில், பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி, பிறகு பினாங்குத் துறைமுகம். நம்மவர்களுக்கு எந்தக் காலத்திலும் 'நேராக' என்று ஒன்று இருந்ததில்லை என்பது உண்மைதான். ஆனால் கப்பலில் கால் வைத்துவிட்டால் இறங்கும் கரை நம் கரை. நடுவில் மூட்டை மாற்ற வேண்டியதில்லை, யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பல் தீப்பிடித்து உயிர்கள் போயின. அதோடு நம் கப்பல் பயணமும் முடிந்தது.

இரண்டாம் முறை 2009-இல். அதற்கு முந்திய ஆண்டின் கடைசியில்தான் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு மலிவு விமானம் விட ஆரம்பித்திருந்தார்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். கடிகாரத்தை இரண்டரை மணி பின்னுக்குத் தள்ளிவிட்டால் இன்னும் குறைவு மாதிரித் தெரியும்! திருச்சியில் இறங்கியதும் அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஏம் பாப்பா, வடிச்ச சோறு ஆறுறதுக்குள்ள ஊரு வந்துருச்சே!"

அந்த ஒரு விமானம் தோட்டத்து ஜனங்களுக்கு என்ன செய்தது என்பதைப் பெரிய பத்திரிகைகள் எழுதியதாக எனக்கு நினைவில்லை. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போனவர்கள், அப்பா பெயரில் கிடந்த அரைக்காணியைப் பார்க்கப் போனவர்கள், பெண் பார்க்கப் போனவர்கள் என்று எத்தனையோ பேர் அதில் போய் வந்தோம். ஆங்கிலம் தெரியாத கிழவி தனியாகப் போகலாம். ஏற்றிவிட ஒருவர், இறக்கிக்கொள்ள ஒருவர் இருந்தால் போதும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி நேர்விமானங்கள் நிலைப்பதில்லை. இன்று இருக்கும், அடுத்த ஆண்டு வாரத்தில் ஏழு நாள் நான்காகும், பிறகு ஒரு நாள் சத்தமில்லாமல் நின்றுவிடும். நம்முடைய ஊர்களுக்கு மட்டுமல்ல. நம் நாட்டு மலேசியா ஏர்லைன்ஸ் 2015-இல் ஃபிராங்ஃபர்ட்டுக்கும் 2016 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாமுக்கும் பாரிசுக்கும் பறப்பதை நிறுத்தியது. பாரிஸ் திரும்பி வர 2025 மார்ச் வரை ஆனது. சிங்கப்பூரில் ஜெட்ஸ்டார் ஏசியா 2025 ஜூலை 31-இல் கடையையே மூடிவிட்டது. ஒரே நாளில் 16 தடங்கள் போயின. அவற்றில் சில ஊர்களுக்குச் சிங்கப்பூரிலிருந்து வேறு யாருமே நேராகப் பறக்கவில்லை. பினாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நம் முன்னோர் வந்திறங்கிய துறை அது. அங்கிருந்து சென்னைக்கு நேராகப் போக வழியில்லாமல் ஆண்டுகள் கழிந்தன. 2024 டிசம்பரில்தான் இண்டிகோ ஒரு விமானத்தை விட்டது.

ஏன் இப்படி? எங்கள் ஈப்போ டிக்கெட் கடைக்காரத் தம்பியிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்டேன். பாவம், பொறுமையாகச் சொன்னான். விமானக் கம்பெனிக்கு நேராகப் போவதைவிட, பத்து ஊர் ஜனங்களை ஒரே இடத்தில் கொண்டுவந்து கொட்டி, அங்கிருந்து பெரிய விமானத்தில் அள்ளிப் போவது லாபம். நமது பஸ் நிலையத்துக் கணக்குதான். பள்ளி விடுமுறையிலும் பொங்கல் தீபாவளிக்கும் இடம் கிடைக்காது. மற்ற மாதங்களில் நாற்காலி காலியாகக் கிடக்கும். அந்த வெறும் மாதங்களைத்தான் அவர்கள் எண்ணுகிறார்கள். அடுத்து, இந்திய அரசாங்கத்துக்கும் நம் அரசாங்கத்துக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. எந்தெந்த ஊருக்கு, வாரத்துக்கு எத்தனை இருக்கை என்று எல்லாம் அதில் இருக்கிறதாம். கூட்டம் இருக்கிறது என்பதற்காக இஷ்டப்படி விமானம் விட்டுவிட முடியாது. மூன்றாவதாக, விமானமே போதவில்லை. 2023-இல் பிராட் அண்ட் விட்னி கம்பெனி செய்த எஞ்சின்களில் கோளாறு கண்டு, உலகம் முழுவதும் நூற்றுக்கணக்கான விமானங்களைத் தரையில் நிறுத்தி எஞ்சினைக் கழற்ற வேண்டியதாயிற்று. இந்தியாவின் கோ ஃபர்ஸ்ட் அந்த ஆண்டு மே மாதமே பறப்பதை நிறுத்தியது. இருக்கிற விமானத்தைப் பணம் கூட வருகிற தடத்துக்குத்தானே அனுப்புவார்கள்?

கோவிட் காலத்தை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. 2020 மார்ச்சில் இந்தியா நிறுத்திய வழக்கமான வெளிநாட்டு விமானங்கள் 2022 மார்ச் 27-இல்தான் திரும்பின. சின்னம்மாவின் கணவர் இறந்தது அந்த இரண்டு ஆண்டுக்குள்தான். அம்மா கைத்தொலைபேசியில் முகம் பார்த்து அழுதார்.

அதனால்தான் 2025 பொங்கலுக்கு எப்படியும் கூட்டிப்போவது என்று 2024 ஆகஸ்டிலேயே திருச்சிக்கு நேர்விமான டிக்கெட் வாங்கினேன். அம்மாவுக்கு வயது 83. முழங்கால் இரண்டும் சரியில்லை. மைலோ டின், கோடாலித் தைலம், பிஸ்கட் என்று அக்டோபரிலேயே பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார். நவம்பரில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. நிர்வாகக் காரணங்களால் அன்றைய விமானம் இல்லை. மூன்று நாள் தள்ளிப் போகலாம், அல்லது வேறொரு ஊரில் 11 மணி நேரம் காத்திருந்து போகலாம், அல்லது பணத்தை வாங்கிக்கொள்ளலாம். கம்பெனியின் பெயர் இங்கே எதற்கு? எல்லாரும் செய்வதுதான்.

இனிமேல் நடந்ததில் என் தப்பும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். மூன்று நாள் தள்ளினால் பொங்கல் போய்விடும், பையனின் லீவும் உதைக்கும். பணத்தைத் திரும்ப வாங்கி, மலிவாக இருக்கிறதே என்று கோலாலம்பூர் – சென்னை ஒரு டிக்கெட், சென்னை – திருச்சி வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்கினேன். இருநூறு வெள்ளிக்குமேல் மிச்சம். மூளை வேலை செய்கிறதே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். சென்னையில் இறங்கினால் குடிநுழைவு வரிசை. இந்தியாவில் எந்த ஊரில் முதலில் இறங்குகிறோமோ அங்கேயே குடிநுழைவையும் சுங்கத்தையும் முடித்து, பெட்டியையும் நாமே எடுத்துக்கொண்டு, உள்நாட்டு முனையத்துக்குப் போய் மறுபடி போடவேண்டும். இது எனக்குத் தெரியாது. சக்கர நாற்காலி தள்ளிய பையன் நல்லவன். ஓட்டமும் நடையுமாகத் தள்ளினான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது திருச்சி விமானம் வானத்தில் இருந்தது. இரண்டும் ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் அடுத்ததில் ஏற்றியிருப்பார்கள். தனித்தனி டிக்கெட் என்றால், "நீங்கள் நேரத்துக்கு வரவில்லை, பணம் போயிற்று" என்பதுதான் பதில். மிச்சம் பிடித்த இருநூறும் அதற்கு மேலேயும் வாடகைக் காருக்குப் போயிற்று. முந்நூறு கிலோமீட்டருக்குமேல், இரவெல்லாம். அம்மா காலைத் தொங்கப்போட்டபடியே உட்கார்ந்து வந்தார். ஒரு வார்த்தை முனகவில்லை. விழுப்புரம் தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோது மட்டும், "இதுக்குக் கப்பலே தேவல. படுத்துக்கிட்டு வரலாம்" என்றார்.

விடிந்து போய் இறங்கினோம். சின்னம்மா முதல் நாள் மத்தியானத்திலிருந்து திண்ணையை விட்டு எழவில்லையாம். அம்மாவின் இரண்டு காலும் யானைக்கால் மாதிரி வீங்கியிருந்தன. டாக்டர் வந்து, நடக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். குலதெய்வம் கோயில் இல்லை, சமயபுரம் இல்லை, ஸ்ரீரங்கம் இல்லை. சின்னம்மாவுக்கும் இடுப்பு முடியாது. ஆகவே ஒன்பது நாளில் பெரும்பகுதியை இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கயிற்றுக் கட்டிலில் படுத்தே கழித்தார்கள்.

மாட்டுப் பொங்கலன்று பிள்ளைகள் எல்லாம் மாட்டைக் குளிப்பாட்டப் போய்விட்டார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். சின்னம்மா, கூரையைப் பார்த்தபடியே கேட்டார்: "ஏக்கா, என்னைய மட்டும் ஏன் விட்டுட்டுப் போனீங்க?"

எழுபத்தைந்து வருஷத்துக் கேள்வி. 1978-இலும் கேட்கவில்லை, 2009-இலும் கேட்கவில்லை. அப்போதெல்லாம் கோயிலும் விருந்துமாக ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ கைப்புள்ள. கப்பல்ல வாந்திபேதி வந்தா கடல்ல போட்டுருவாங்கன்னு ஆயா உன்னைத் தூக்கிக்கிட்டு வயக்காட்டுல போயி ஒளிஞ்சுக்கிட்டா. அப்பா தேடித் தேடிப் பார்த்தாரு. படகு போயிரும்னு அம்மாவை இழுத்துக்கிட்டு வந்துட்டாரு. ஒரு வருசத்துல திரும்பிருவோம்னுதான் நெனச்சாங்க" என்றார். சின்னம்மா கையை நீட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் உலையில் அரிசி போட மறந்து நின்றேன்.

கால் வீங்கியதால்தானே இந்தப் பேச்சு வந்தது, ஆகவே அலைச்சலும் நல்லதுதான் என்று என் மகன் சொன்னான். நான் அப்படி நினைக்கவில்லை. ஒழுங்காக நேரே வந்து இறங்கியிருந்தாலும் பேசியிருப்பார்கள். அந்த ஒரு ராத்திரி யாருக்கும் வேண்டாம்.

உங்களுக்கு உபயோகப்படுமே என்று, பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் வாங்கும்போது "டைரக்டா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறிப் போகிற விமானத்தையும், எண் மாறாவிட்டால், டைரக்ட் என்பார்கள். "எங்கேயும் நிற்காமல் போகுமா?" என்று கேளுங்கள். மாறித்தான் போகவேண்டும் என்றால் முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். விமானத்தை அவர்கள் ரத்து செய்தால், மாற்றுப் பயணமா முழுப் பணமா என்று தேர்ந்தெடுப்பது நம் உரிமை. 2024 செப்டம்பர் 2 முதல், ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எந்த வழியில் கொடுத்தோமோ அந்த வழியிலேயே 30 நாளுக்குள் திரும்பவேண்டும். கொடுக்காவிட்டால் புகார் செய்யலாம். முன்பு அதற்கு மவ்கோம் என்ற ஆணையம் இருந்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் அந்த வேலையையும் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமே பார்க்கிறது. இதெல்லாம் தெரியாமல் எத்தனை தோட்டத்துக் குடும்பங்கள் பணத்தை விட்டிருக்கும்!

திரும்பும்போது மட்டும் நேர்விமானம் ரத்தாகவில்லை. 2024 ஜனவரியில் திறந்த திருச்சியின் புதிய முனையம் அரண்மனை மாதிரி இருக்கிறது. கோபுரமும் சித்திரமுமாக அம்மா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே போனார். நான்கு மணி நேரத்தில் நம் நாடு. இறங்கும்போது கால் வீக்கம்கூட இல்லை.

இப்போது வாரத்துக்கு இரண்டு முறையாவது ஈப்போ கடைத் தம்பிக்குப் போன் போடுகிறேன். "நேராப் போறதுன்னா சொல்லு பாப்பா. நின்னு நின்னு போறதுன்னா எனக்கு வேணாம்" என்கிறார் அம்மா. சின்னம்மாவோ, "எதுல வேணும்னாலும் வரட்டும், நான் திண்ணையிலதான் இருப்பேன்" என்கிறார். நேற்று தம்பி ஒரு செவ்வாய்க்கிழமை விமானம் நேராகப் போவதாகக் காட்டுகிறது என்றான். அந்தத் தேதி வரை அது ஓடுமா என்று கேட்டேன். "அக்கா, அதை மட்டும் என்னைக் கேட்காதீங்க" என்றான். வாங்கச் சொல்லிவிட்டேன். அம்மா மைலோ டின்னைப் பெட்டியில் வைத்தாயிற்று.