கண்மாய்க் கரையில் நாலு பேர்

வண்டியூர்க் கண்மாய்க் கரையில் விடியுமுன்னே எங்க தெருவில் பன்னிரண்டாவது முடிச்ச நாலு பிள்ளைகளை ஓட விடுகிறேன். நாலு போதும், ஒருத்தியை ஒருத்தி இழுத்துக்கிட்டு ஓடணும். 'பொட்டப்புள்ளைக்கு எதுக்கு ஓட்டம்?' என்கிறது ஊர். சாந்தி சௌந்தரராஜனைச் சொல்கிறேன். கத்தக்குறிச்சி, செங்கல் சூளைக் கூலிகளின் மகள், தலித் பெண். 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. பெண்தானா என்று உடம்பைச் சோதித்துப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். எந்தப் பொம்பள தாங்குவா? அவரோ புதுக்கோட்டையில் பயிற்சிக்கூடம் போட்டார். 2009இல் 68 பிள்ளைகள். சென்னை மாரத்தானில் முதலிடமும் மூன்றாமிடமும் அவர்களுக்கே. 2012இல் அவரே மறுபடி சூளையில், நாளுக்கு 200 ரூபாய்க்கு. நிரந்தரப் பயிற்சியாளர் வேலை 2016இல்தான் வந்தது. ஓடுகிற உடம்புக்குச் சோறு வேணும், அதைவிடத் தூக்கம் வேணும். எங்க பிள்ளைகள் பத்துக் கிலோமீட்டர் ஓடிவிட்டு நேரே சித்தாள் வேலைக்குப் போகிறார்கள். இப்ப, ஆளுக்கு ரெண்டு முட்டைக்குத் தெருவில் வசூல் பண்ணிக்கிட்டிருக்கோம்.