கேரளா ஏன் ஒட்டவில்லை?

சிலமலையில் மாலை வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளில் பலருக்கு அம்மா ஏலத்தோட்டக் கூலி. விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி இடுக்கிப் பக்கம் போய், பொழுது சாய்ந்து திரும்புகிறவர்கள்.

படிக்கிற காலத்தில் எனக்குப் புவியியல் என்றாலே கசப்பு. ஆறு வரைந்து நீலம் தீட்டினால் மார்க். அதற்கு மேல் ஒன்றும் ஏறியதில்லை. ஏறவைத்தது ஒரு பையனின் கேள்வி.

"அம்மா போற தோட்டம் இதுல எங்க டீச்சர்?"

தமிழ்நாட்டுப் படம் போடிமெட்டோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேற்கே வெறும் வெள்ளைத் தாள். கேரளப் படத்தையும் கொண்டுவந்தேன். இரண்டையும் தரையில் விரித்து எல்லையோடு எல்லை சேர்த்துப் பார்த்தார்கள். ஒட்டவே இல்லை. தேனி கட்டைவிரல் அளவு, இடுக்கி உள்ளங்கை அளவு. பிறகுதான் மூலையிலிருந்த அளவுகோல் கோட்டை நூல் வைத்து அளந்தார்கள். எத்தனை முறை கரும்பலகையில் எழுதினாலும் புரியாத பாடம்!

அடுத்த வம்பு, சுவரிலிருந்த உலகப் படம். அதில் கிரீன்லாந்து கிட்டத்தட்ட ஆப்பிரிக்கா பருமன், குளோபில் சின்னது. ஒரு பெண் டிரேசிங் பேப்பரில் குளோபின் கிரீன்லாந்தை வரைந்து, அதே குளோபில் இந்தியா மேல் வைத்தாள். இந்தியா மிச்சமிருந்தது. இருக்காதா? அது சுமார் 21.6 லட்சம் சதுர கிலோமீட்டர், நாம் 32.8 லட்சம்.

அந்தச் சுவர்ப் படத்தின் முறையை வகுத்தவர் மெர்கேட்டர். துருவத்தில் கூட வேண்டிய தீர்க்கக் கோடுகளை அவர் கூடவிடாமல் இணையாக நிறுத்திவிட்டார். அதனால் வடக்கே போகப் போக நிலம் அகலத்தில் இழுபடும். வடிவம் கெடாமலிருக்க உயரத்திலும் அதே அளவு இழுத்தார். சிலமலை இருக்கும் 10 டிகிரியில் இழுவை தெரியவே தெரியாது. 60 டிகிரியில் பரப்பு நான்கு மடங்கு.

"அப்ப இதைக் கழட்டிரலாமா டீச்சர்?"

எனக்கு மனசில்லை. 1569-இல் அவர் வரைந்தது மாலுமிகளுக்காக. படத்தில் நேர்க்கோடு போட்டு, திசைகாட்டியில் அந்தக் கோணம் மாறாமல் ஓட்டினால் துறைமுகம் போய்ச் சேரலாம். அதைப் பள்ளிச் சுவரில் மாட்டியது அவர் குற்றமா?

"நமக்குத்தான் கடலே இல்லையே" என்றான்.

பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து, பரப்பைச் சரியாகக் காட்டும் பீட்டர்ஸ் படத்தையும் மாட்டினேன். அதில் இந்தியா ஒல்லியாக நீண்டு தொங்குகிறதாம். இப்போது அதற்கும் புகார்.