கல்லுக்குப் பத்துப் போடுகிறவர்கள்

இரும்புப் பெட்டகத்தை நகர்த்திய பிறகுதான் கறை கண்ணில் பட்டிருக்கிறது. நான்கு கால்களும் இத்தாலியப் பளிங்கில் நான்கு பழுப்பு வட்டங்களைப் பதித்திருந்தன. காரைக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில், நகரத்தார் வீடொன்றின் வளவை ஒட்டிய அறை அது. பேத்தி கல்யாணத்துக்காகத் தரை முழுக்க பாலீஷ் போடச் சொல்லியிருந்தார்கள். பாலீஷ் ஆட்கள் ராஜஸ்தானிலிருந்து வந்தவர்கள். கறை எடுக்க மட்டும் மானாமதுரைப் பக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரி வந்திருந்தார். அவர் வேலை செய்வதைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

இந்த வட்டாரத்து வீடுகளில் துருவுக்குக் குறைச்சல் இல்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் தேக்கும் பளிங்கும் மட்டுமா கொண்டுவந்தார்கள்? இரும்பும் நிறைய வந்தது. தூண், கிராதி, உத்திரம், பெட்டகம் என்று வீடெங்கும் இரும்பு. ஆள் குடியிருந்து கூட்டித் துடைத்துக்கொண்டிருந்த காலத்தில் அதனால் தொல்லை இல்லை. பங்காளிகள் ஊர் ஊராகப் பிரிந்துபோய், வீடு விசேஷத்துக்கு மட்டும் திறக்கிற வீடான பிறகுதான் வினை ஆரம்பித்தது. தூம்பு ஓட்டையாகி மழைத்தண்ணீர் உள்ளே வந்து தேங்கும்; வடிக்க ஆள் இருக்காது. ஈரத்தில் நிற்கிற இரும்பு கரைந்து கல்லுக்குள் இறங்கும்.

பளிங்கு பார்க்கத்தான் வழவழப்பு. உள்ளே அது நுண்துளைகள் நிறைந்த சுண்ணக்கல். தண்ணீரோடு சேர்ந்து உள்ளே போகிற இரும்பு, காற்றுப் பட்டுத் துருவாகி அங்கேயே உறைந்துவிடுகிறது. மேலே எவ்வளவு தேய்த்தாலும் அதற்கு எட்டாது.

மேஸ்திரி வந்ததும் மருந்தைத் தொடவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து அறை அறையாகத் தரையைப் பார்த்தார். “பழுப்பா இருக்கதெல்லாம் துரு இல்ல சார். இது வெத்தல எச்சி. அந்தா, அது டீ. இது எண்ணெ, விளக்கு வச்ச எடம்” என்று விரலால் காட்டிக்கொண்டே போனார். சந்தேகமான ஓரிடத்தில் சின்னப் பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு விட்டார். அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. சற்று நேரத்தில் சொட்டு விழுந்த இடம் கத்திரிப்பூ நிறத்துக்கு மாறியது. இரும்பு இருந்தால் மட்டுமே அந்த நிறம் வரும். தயோகிளைக்கோலேட் என்ற உப்பு அது. கார் சக்கரம் கழுவுகிற திரவங்களிலும், அழகு நிலையங்களில் முடியைச் சுருட்டுகிற மருந்திலும் இருக்கிறது. அதை வைத்தே கறையையும் எடுக்கலாம். கல்யாண வீட்டில் அந்த நாற்றத்தை யார் பொறுப்பார்கள் என்று அவர் சோதனைக்கு மட்டும் வைத்திருக்கிறார்.

இரண்டாம் கட்டில் ஒரு மூலையைக் காட்டி, “கையை வச்சுப் பாருங்க” என்றார். ஒரு தட்டகலத்துக்குக் கல் சொரசொரவென்று, வெளிறிப்போய், மினுமினுப்புச் செத்துக் கிடந்தது. யாரோ முன்பு ஆசிட் ஊற்றியிருக்கிறார்கள். கழிப்பறை கழுவ வாங்கும் அந்த ஆசிட்தான். ஊற்றியதும் நுரைத்துப் பொங்கும். ஊற்றினவர், அழுக்கு கிளம்புகிறது என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் பொங்குவது கல். சுண்ணக்கல்லை அமிலம் தின்னும்போது வெளியேறும் கரியமில வாயுதான் நுரை. எலுமிச்சம்பழமும் வினிகரும் இதையே கொஞ்சம் மெதுவாகச் செய்யும். புளி போட்டு விளக்கிய குத்துவிளக்கைச் சரியாக அலசாமல் பளிங்கில் வைத்தால் அடிப்பாகத்தின் வட்டம் மங்கலாக விழுந்துவிடும். அது கறையே இல்லை, கல்லில் விழுந்த குழி. அதை எந்த மருந்தாலும் எடுக்க முடியாது. தேய்த்து மட்டம் பண்ணத்தான் வேண்டும்.

கிரானைட் ஆசிட்டைத் தாங்கும் என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சில கிரானைட்டுகளில் கறுப்பாக மின்னுகிற அபிரகத் துணுக்குகளுக்குள் இரும்பு இருக்கிறது. ஆசிட் அதை வெளியே இழுத்துவிடும்; கழுவியபோது பளிச்சென்று இருந்த கல் பிறகு மஞ்சளாகிக்கொண்டே வரும். துருவை எடுக்கப் போய்த் துருவை உண்டாக்கிய கதை. இதையெல்லாம் விட எனக்குப் பயம் தருவது கடைகளில் கிடைக்கிற சில துரு நீக்கித் திரவங்கள். அவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருப்பதுண்டு. கையில் பட்டால் உடனே எரியாமலும் இருக்கலாம். அதனால் கழுவத் தோன்றாது. அது தோலைக் கடந்து உள்ளே போய் எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடிக்கும். கையுறையில்லாமல் கந்தைத்துணியால் துடைத்துக்கொண்டு இந்த வேலை செய்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

மேஸ்திரியின் சரக்குப் பையில் பயமுறுத்துகிற எதுவும் இல்லை. சோடியம் சிட்ரேட், கிளிசரின், பெயின்ட் கடையில் வாங்கிய சாக் பவுடர். ஒரு பங்கு சிட்ரேட்டை ஆறு பங்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தார். கரைசல் எவ்வளவோ அதே அளவு கிளிசரின் ஊற்றினார். சாக் பவுடரைத் தூவித் தூவிக் கட்டி தட்டாமல் பிசைந்தார். அடைமாவை விடக் கெட்டியாக, கரண்டியைக் கவிழ்த்தால் விழாத பதம். இதை அவர் ‘பத்து’ என்கிறார். நெற்றிக்குப் போடுகிற பத்தைப் போலத்தான் இதுவும் காயக் காய இழுக்க வேண்டும்.

பத்துப் போடுமுன் கறையையும் சுற்றுப்புறத்தையும் நல்ல தண்ணீரால் நனைத்தார். உலர்ந்த கல்லில் அப்பினால் கரைகிற இரும்பை வெளியே விடாமல் கல் இன்னும் ஆழத்துக்கு உறிஞ்சிவிடும். துளைகளில் முன்கூட்டியே தண்ணீர் நிறைந்திருந்தால் அதற்கு இடமில்லை. போர்த் தண்ணீரை அவர் தொடவில்லை. இரும்புச் சத்துள்ள தண்ணீரைக் கொண்டு இரும்புக் கறையை எடுப்பது நடக்கிற காரியமா? கேன் தண்ணீர் வாங்கிவரச் சொன்னார். பிறகு கறையின் விளிம்பைத் தாண்டி இரண்டு விரற்கடை சேர்த்து, அரை அங்குலக் கனத்துக்கு அப்பினார். கரண்டிகூட இரும்பில்லை, பிளாஸ்டிக் பட்டித் தகடு. மேலே பாலிதீன் தாளை விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி எழுந்துவிட்டார்.

அவ்வளவுதான். இனிமேல் வேலை அவருடையது இல்லை. மூடியிருக்கும் வரை சிட்ரேட் கல்லுக்குள் போய் இரும்பைக் கவ்விக் கரைக்கும். கிளிசரின் அதைக் காயவிடாமல் பார்த்துக்கொள்ளும். ஒன்றிரண்டு நாள் கழித்துத் தாளை எடுத்துவிட்டால் பத்து மெல்லக் காயும். ஈரம் மேலே ஏற, கரைந்த இரும்பும் கூடவே ஏறிச் சாக் பவுடரில் தங்கிவிடும். நான் திரும்பிப் போனபோது முதல் வட்டத்தின் பத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வெள்ளையாக அப்பியது அடிப்பக்கத்தில் மஞ்சள் பூத்திருந்தது. கல்லில் வட்டம் வெளுத்திருந்தது, போகவில்லை. கழுவித் துடைத்துவிட்டு அதே இடத்தில் மறுபடி அப்பினார். பழைய கறைக்கு இப்படிப் பலமுறை போட வேண்டியிருக்கும். பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் ஆசிட் பாட்டிலைத் தேடுகிறார்கள்.

தூம்புக்கு நேர் கீழே இருந்த கோட்டுக்கறை மட்டும் மசியவே இல்லை. அதற்கு ‘ஹைட்ரோஸ்’ எடுத்தார். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் புழங்குகிற, சில ஆலைகளில் வெல்லத்தை வெளுக்கப் போடுகிற அதே ஹைட்ரோஸ்தான், சோடியம் ஹைட்ரோசல்ஃபைட். துரு தண்ணீரில் கரையாத வடிவத்தில் இருக்கும் இரும்பு. ஹைட்ரோஸ் அதைக் கரைகிற வடிவத்துக்கு இறக்கிவிடும். இறங்கியதைச் சிட்ரேட் பிடித்துக்கொள்ளும். சிட்ரேட்டில் நனைத்த பஞ்சைக் கறைமேல் கால் மணி நேரம் வைத்து எடுத்தபின், பொடியைத் தூவி, தண்ணீரில் குழைத்த சாக் பவுடரால் மூடினார். கந்தக நெடி மூக்கில் ஏறியது. எல்லாக் கதவையும் திறந்துவைத்தார்கள். இதற்கு ஒரு மணி நேரம்தான் கெடு. மறந்து விட்டுவிட்டால் கறை கறுத்துவிடும் என்பதால் மேஸ்திரி செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். டப்பாவையும் ஈரம் படாமல் இறுக மூடி வெளித்திண்ணையில் வைக்கச் சொன்னார். ஈரம் பட்டால் அது தானாகச் சூடேறிப் புகையும்.

முகப்பில் ஒரு விசித்திரம் பார்த்தேன். கைப்பிடிக் கிராதியின் இரும்புக் கம்பிகளைப் பளிங்குப் படியில் துளையிட்டு நட்டிருந்தார்கள். ஒரு வரிசைக்கு ஈயம் காய்ச்சி ஊற்றியிருந்தது; கறையே இல்லை. பின்னாளில் பழுதுபார்த்த நாலைந்து கம்பிகளைச் சிமெண்ட் வைத்து நட்டிருந்தார்கள். விரிசல் வழியே தண்ணீர் போய் இரும்பு ஊதி, படிக்கல் விண்டிருந்தது. துரு, தான் தின்ற இரும்பை விடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஏதென்ஸில் பார்த்தெனான் கோயிலுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. பழைய கிரேக்கர்கள் கற்களைப் பிணைத்த இரும்புக் கவ்விகளைச் சுற்றி ஈயம் வார்த்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புதுப்பிக்க வந்த பொறியாளர் பலானோஸ் அந்த ஈயத்தை விட்டுவிட்டார். அவர் வைத்த இரும்பு துருப்பிடித்து வீங்கிப் பளிங்கைப் பிளந்தது. 1975இல் அமைத்த குழுவின் மேற்பார்வையில் அவற்றை எடுத்துவிட்டு டைட்டேனியம் வைக்கிற வேலையைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறார்கள்.

பாலீஷ் ஆட்களில் ஒரு பையனுக்கு மக்ரானா பக்கம் ஊர். தாஜ்மகாலுக்குக் கல் கொடுத்த ஊர். “இது மிஷின்ல போகாது அண்ணா, உள்ள இருக்கு” என்று மேஸ்திரிக்கே அவன்தான் முதலில் சொல்லியிருக்கிறான். தாஜ்மகாலின் சுவர்களுக்குத் தொல்லியல் துறை 1994, 2001, 2008, 2014 ஆண்டுகளில் முல்தானி மட்டியைக் குழைத்துப் பூசியது. அது எடுப்பது துருவை இல்லை, புகையும் தூசும் படிந்த மஞ்சளை. வைத்தியம் என்னவோ ஒன்றுதான்: பூசு, காயவிடு, கழுவு.

அந்தப் பையனுக்குக் கூலி சதுர அடிக் கணக்கு. மிஷின் ஓடினால்தான் காசு. கறை வந்த இடத்தில் நின்று இரண்டு நாள் காத்திருக்கச் சொன்னால் அவன் குழுவுக்குக் கட்டுப்படியாகாது. அதனால்தான் முக்கால்வாசி இடங்களில், கறை கண்ட கல்லை முரட்டு நம்பரில் ஆழமாக ஓட்டிவிடுகிறார்கள். கறை கொஞ்சம் மங்கும். தரையில் பள்ளம் விழும். ஓட்ட ஓட்டக் கல்லும் மெலியும். குற்றம் அவர்களுடையது என்று நான் சொல்லமாட்டேன். காத்திருப்பதற்குக் கூலி போடுகிற வழக்கம் நம்மிடம் இல்லை.

மேஸ்திரியின் கணக்குச் சீட்டிலும் அதற்கு ஒரு வரி கிடையாது. மருந்து இவ்வளவு, ஆள்கூலி இவ்வளவு என்று எழுதி, அடியில் ‘சில்லறை வேலை’ என்று ஒரு தொகை போட்டிருந்தார். வீட்டைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரர் அதில் விரலை வைத்தார்.

“நீ உக்காந்துதானய்யா இருந்த?”

“உக்காந்திருந்ததுக்குத்தாண்ணே காசு. கெளம்பிப் போயிருந்தா இந்நேரம் கல் கறுத்திருக்கும்.”

மூன்று வட்டங்கள் போயிருந்தன. நான்காவது, சாய்ந்த வெளிச்சத்தில் இளமஞ்சளாகத் தெரிந்தது. காரியக்காரர் அதைக் காட்டிப் பேரம் பேசினார். மேலே விரிப்புப் போட்டுவிடலாம், இனியும் தோண்டினால் கல்லுக்குத்தான் சேதம் என்று வீட்டு ஆச்சி சொன்னதும் பேச்சு முடிந்தது. தொகை முழுசாக வந்தது. பெட்டகத்தைத் திரும்ப அதே இடத்தில் வைப்பதானால் காலுக்கடியில் கனமான ரப்பர் துண்டு வைக்க வேண்டும், அதற்கு முன்னால் தூம்பின் ஓட்டையை அடைக்க வேண்டும் என்று மேஸ்திரி வாசல்வரை சொல்லிக்கொண்டே போனார். தூம்பு வேலைக்கு வருவதாகச் சொன்ன ஆள் அதுவரை வரவில்லை.