எங்களைப் போல் அல்ல: சில குறிப்புகள்

1959 பிப்ரவரி 22. மார்ட்டின் லூதர் கிங்கும் அவர் மனைவி கொரெட்டாவும் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு வருகிறார்கள். கிங்குக்கு அப்போது வயது 30. அமெரிக்காவின் மாண்ட்கோமரியில் அவர் தலைமையில் கறுப்பின மக்கள் இனப்பாகுபாட்டை எதிர்த்து 381 நாள் பஸ் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போய் வென்று இரண்டு வருஷம் கடந்திருந்தது. குமரிக் கடலில் அன்று விவேகானந்தர் மண்டபமும் கிடையாது, வள்ளுவர் சிலையும் கிடையாது. கரையோரப் பாறையில் உட்கார்ந்து சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். திரும்பினால் கிழக்கே நிலா எழும்பி வருகிறது. சித்ரா பௌர்ணமிக்கு ஊர் திரண்டு வந்து பார்க்கும் காட்சி அவருக்கு மாசியிலேயே கிடைத்திருக்கிறது. ஒரு வெளிச்சம் போனாலும் கடவுள் இன்னொரு வெளிச்சத்தை வைத்திருக்கிறார் என்று பிறகு தன் பிரசங்கத்தில் இதைச் சொன்னார். நம் ஊர்க் கடல் அவருக்கு ஒரு நம்பிக்கையைக் கொடுத்து அனுப்பியது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

*

அதே பயணத்தில் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடம். படித்த பிள்ளைகள் பெரும்பாலும் தீண்டாமைக்கு ஆளான குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் கிங்கை அறிமுகம் செய்தார். கிங்குக்கு முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு தன் நாட்டில் அடைபட்டுக் கிடக்கும் இரண்டு கோடிக் கறுப்பின மக்களை நினைத்தார். ஆமாம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று தனக்குள் ஒப்புக்கொண்டார். 1965 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினத்தன்று, அட்லாண்டா எபனேசர் ஆலயத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். அந்தத் தலைமையாசிரியர் அவமதிக்கவில்லை, உறவு கொண்டாடினார்.

*

திருவனந்தபுரத்திலிருந்து குமரிக்கு வரும் சாலை தக்கலை, நாகர்கோவில், சுசீந்திரம் வழி வருகிறது. கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியாரும் நடப்பதற்காக டாக்டர் எம்.இ. நாயுடு முதலானோர் 1926இல் சத்தியாகிரகம் செய்த ஊர் சுசீந்திரம். தக்கலையும் நாகர்கோவிலும், சாணார் (இன்றைய நாடார்) பெண்கள் மேல்சீலை உரிமைக்குப் போராடிய தோள்சீலைக் கலகம் நடந்த பூமி. கிங் வந்த 1959, தோள்சீலை உரிமைக்கான அரச விளம்பரம் வெளிவந்ததன் நூறாவது வருஷம்.

*

இரண்டு கணக்குகள். 1836 கணக்கெடுப்பின்படி, குமரியும் சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஏறக்குறைய 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அடிமைகள் 1 லட்சத்து 64 ஆயிரத்துக்கு மேல். 1860இல் அமெரிக்காவில் 3 கோடியே 14 லட்சம் பேர். அடிமைகள் 40 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டு இடத்திலும் ஏறக்குறைய எட்டில் ஒருவர் அடிமை. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல், அமெரிக்காவில் 1865இல். அங்கே கப்பலில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இங்கே எந்தக் கப்பலும் தேவைப்படவில்லை. உழுத நிலத்தோடு சேர்த்தே ஆளையும் விற்றார்கள், ஒற்றி வைத்தார்கள். அடிமைமுறை என்றாலே பருத்திக்காட்டை மட்டும் மனக்கண்ணில் காணும் நம் பிள்ளைகளுக்கு, நாஞ்சில் நாட்டு வயலின் கதையையும் சொல்ல வேண்டும்.

*

தோள்சீலைப் போராட்டத்தைப் பலர் மார்பை மறைக்கும் உரிமைக்கான சண்டை என்று சுருக்கிவிடுகிறார்கள். அது அதற்கும் மேலே. 1813 வாக்கில் திவானாக இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவச் சாணார் பெண்கள் குப்பாயம் என்னும் ரவிக்கையைப் போட்டுக்கொள்ள அனுமதித்தார். அந்தப் பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை. உயர்சாதிப் பெண்கள் அணியும் மேல்சீலையையும் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார்கள். கலகம் வெடித்தது அங்கேதான். உயர்சாதியார் சந்தையில் சீலையைக் கிழித்தார்கள், பள்ளிகளையும் ஆலயங்களையும் கொளுத்தினார்கள். 1829இல் அரசு மேல்சீலையைத் தடைசெய்தது. 1858 கடைசியில் மறுபடி கலவரம் மூண்டது.

1859 ஜூலை 26இல், சென்னை கவர்னர் டிரெவெல்யன் கொடுத்த நெருக்கடியில், உத்திரம் திருநாள் மகாராஜா விளம்பரம் வெளியிட்டார். சாணார் பெண்கள் குப்பாயம் போடலாம். முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைப் போர்த்தலாம். வேறு எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல் அல்ல.

அந்தக் கடைசி நிபந்தனைதான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. உயர்சாதியாரின் பயம் துணியைப் பற்றியதல்ல. தூரத்தில் வரும் ஒரு பெண்ணைப் பார்த்தவுடன் எந்தச் சாதி என்று தெரியாமல் போய்விடுமே என்ற பயம்.

*

இதே முரட்டுத் துணி அமெரிக்காவிலும் உண்டு. தென் கரோலினாவின் 1740ஆம் வருஷச் சட்டம், அடிமைகள் இன்னின்ன மட்டத் துணிகளைத்தான் உடுத்தலாம் என்று பட்டியல் போட்டது. அவற்றில் ஒன்றுக்கு ‘நீக்ரோ துணி’ என்றே பெயர். 1786இல் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த லூசியானாவில், அடிமையல்லாத கறுப்பினப் பெண்களும் தலைமுடியைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும் என்று கவர்னர் மிரோ உத்தரவிட்டார். இங்கே மறைக்கக் கூடாது, அங்கே மறைத்தே ஆக வேண்டும். இரண்டு உத்தரவும் ஒரே மனதிலிருந்து பிறந்தவை. நியூ ஆர்லியன்ஸ் பெண்கள் அந்தத் தலைத்துணியை வண்ண வண்ணமாக, அழகழகாகக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். தோளில் மேல்சீலை போட்ட நம் பெண்களுக்கு அவர்கள் அக்காமார்.

அடிமைமுறை ஒழிந்தபிறகும் நிபந்தனை ஒழியவில்லை. பெண்களுக்கான ரயில் பெட்டியில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்த கறுப்பினப் பெண் ஐடா பி. வெல்ஸை 1880களில் இழுத்து வெளியே தள்ளினார்கள். 1896இல் பிளெஸ்ஸி வழக்கில், இனம் பிரித்து உட்கார வைப்பது சமத்துவத்துக்கு விரோதமில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. ரயிலில் போகலாம், எங்களைப் போல் அல்ல. கறுப்பின மக்கள் தங்கள் முடியை அதன் இயல்பிலேயே விட்டுக்கொண்டு வேலைக்கும் பள்ளிக்கும் போக, 2019இல் கலிபோர்னியா தனியாக ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது.

*

அய்யாவழியைத் தோற்றுவித்த அய்யா வைகுண்டர் (1809–1851) சாமித்தோப்பில் செய்ததை இந்த வெளிச்சத்தில் பார்க்கிறேன். தலைப்பாகை கட்டக் கூடாது என்று சொல்லப்பட்ட ஆண்களிடம், தலைப்பாகையோடு வா, சாமி கும்பிடு என்றார். அய்யாவழிக் கோயில்களான பதிகளில் இன்றும் அதுதான் முறை. பள்ளியறையில், கும்பிடுபவர் தன்னையே காணக் கண்ணாடி. எல்லாச் சாதியும் சேர்ந்து புழங்க முத்திரிக் கிணறு. அரசாங்கம் அவரைத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தது. யாரிடமும் அனுமதி கேட்காமல் தன் ஜனங்களை அவர் நிமிர்ந்து நிற்க வைத்தார். தோள்சீலை விளம்பரம் வந்தது அவர் மறைந்து எட்டு வருஷம் கழித்து.

*

மனசு கனக்கும் ஒரு விஷயத்தையும் எழுத வேண்டும். 1859இன் விளம்பரம் புலையர், பறையர் பெண்களுக்கு விடிவாகவில்லை. புலையர் தலைவர் அய்யன்காளி முன்னால் அந்தப் பெண்கள், சாதி அடையாளமாகக் கழுத்தில் கட்டியிருந்த கல்மாலையைக் கொல்லத்தில் அறுத்தெறிந்தது 1915இல். ஏணியில் ஒரு படி ஏறியவர்கள், கீழே நிற்பவர்களுக்கும் கை கொடுத்தோமா என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். நானும் கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்காவில் வேலைக்குப் போன நம்மவர்கள் கூடவே சாதியையும் கொண்டுபோனதால்தான் 2023இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. கிங்கின் போராட்டம் திறந்துவிட்ட வாசல் வழியாக அந்த நாட்டுக்குள் நுழைந்தவர்கள் நாம். நம்மை உள்ளே விட்ட 1965இன் குடியேற்றச் சட்டம் அந்தப் போராட்டக் காலத்தில்தான் வந்தது.

*

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் வழியில் நாங்குநேரி. 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு தலித் மாணவனை உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அரசு நியமித்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. பார்த்தவுடன் சாதி தெரிய வேண்டும் என்று அன்று ராஜா சட்டம் போட்டார். இன்று பிள்ளைகள் தாங்களே காசு கொடுத்துக் கயிறு வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். இதைவிடப் பெரிய தோல்வி நம் பெற்றோர்களுக்கும் பள்ளிகளுக்கும் வேறில்லை.

*

என்சிஇஆர்டியின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் தோள்சீலைப் போராட்டம் பற்றிச் சில பக்கங்கள் இருந்தன. அந்தப் பகுதியை 2016இல் சிபிஎஸ்இ பாடத்திட்டத்திலிருந்து விலக்கியது. 2019இல் என்சிஇஆர்டி உடைகளைப் பற்றிய அத்தியாயத்தையே எடுத்துவிட்டது. 2023இல் புளோரிடா மாநிலம், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றைச் சொல்லும் பள்ளிப் பாடம் ஒன்றை ஏற்க மறுத்தது. பட்ட பாட்டை மறைப்பதில் இரண்டு நாட்டிலும் ஒரே அவசரம். பாடப்புத்தகம் சொல்லாவிட்டால் என்ன? பதியிலும் ஆலயத்திலும் நூலகத்திலும் வீட்டுத் திண்ணையிலும் நாம் சொல்லலாம். நாஞ்சில் நாட்டுக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் 1859 ஜூலை 26 தெரிந்திருக்க வேண்டும், அதன் கடைசி நிபந்தனையோடு.