சம அளவில் கேட்பது

மிக்ஸ் முடிந்த பாட்டை வெளியீட்டுக்குத் தயாராக்கும் மாஸ்டரிங் பழக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த ப்ளகின் வாங்கலாம் என்பதைத்தான். எதுவும் வாங்க வேண்டாம். ஒரு பாட்டின் இரண்டு வடிவங்களை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேட்கப் பழகுங்கள் என்பேன். கேட்டவர் முகம் சற்று வாடும். ஆனாலும் இந்த வேலையின் அடித்தளம் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒரே பாட்டை ஒரு டெசிபல் கூட்டிப் போட்டுக் காட்டினால், சத்தம் கூடியிருக்கிறது என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. தெளிவாக இருக்கிறது, அடி கனமாக விழுகிறது என்பார்கள். சத்தம் குறையும்போது நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் மற்றவற்றைவிட அதிகமாக மங்குகின்றன. கூட்டினால் எழுந்து வருகின்றன. பெல் ஆய்வகத்தில் ஃப்ளெச்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து வரைபடமாக்கிவிட்டார்கள். ஈக்யூவில் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிக் கொஞ்சம் ஏற்றினால் மொத்தச் சத்தமும் ஏறும். பாட்டு மேம்பட்டதா, வெறுமனே சத்தம் கூடியதா என்று காதால் பிரித்தறிய முடியாது. கூடிய அளவை அவுட்புட்டில் குறைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பைபாஸை மாற்றி மாற்றி அழுத்திக் கேட்க வேண்டும். பல சமயம் வித்தியாசமே காணாமல் போய்விடும். சில சமயம் தொடாமல் விட்டதே நன்றாக இருக்கும்.

சத்தத்தின் மேல் உள்ள இந்த ஆசை கம்ப்யூட்டரோடு வந்ததல்ல. மாஸ்டரிங் என்ற வேலையே இசைத்தட்டு வெட்டும் அறையில் பிறந்தது. டேப்பில் இருப்பதை லாக்கர் பூசிய தட்டில் வரியாக வெட்ட வேண்டும். பேஸ் மிகுந்து, அதுவும் இடமும் வலமும் வெவ்வேறாக ஆடினால், ஊசி வரியை விட்டுத் தாவிவிடும். தட்டின் நடுவை நெருங்க நெருங்க ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் கரகரக்கும். 1969இல் லெட் செப்பலினின் இரண்டாவது தொகுப்பை பாப் லட்விக் துணிந்து சத்தமாக வெட்டினார். அட்லாண்டிக் நிறுவனத் தலைவர் அஹ்மத் எர்டெகனின் மகள் வைத்திருந்த சாதாரண ப்ளேயரில் ஊசி தாவியது, கம்பெனி சத்தத்தைக் குறைத்து மறுபடி வெட்ட வைத்தது என்பது இத்துறையில் எல்லோரும் சொல்லும் கதை. லட்விக் வெட்டிய அந்தப் பழைய தட்டுகளை இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

1982இல் சிடி வந்தது. ஊசி போயிற்று, தாவலும் போயிற்று. உச்சத்தில் ஓர் எல்லை மட்டும் இருந்தது; அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் நசுக்கிச் சத்தத்தை ஏற்றலாம். 2008இல் மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெடிக்’ வந்தபோது, அதே பாடல்கள் ஒரு வீடியோ விளையாட்டில் நசுங்காமல் ஒலிப்பதைக் கண்டுபிடித்த ரசிகர்கள், சரியாக மாஸ்டர் செய்து தாருங்கள் என்று ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டுக் கேட்டார்கள். இன்று ஸ்பாட்டிஃபை இயல்பு நிலையில் பாடல்களை மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அளவுகோல்) அளவை ஒட்டி ஒலிக்க வைக்கிறது. மைனஸ் 8இல் நசுக்கிக் கொடுத்தால் 6 டெசிபல் இறக்கிவிடும். நசுங்கல் மட்டும் அப்படியே நிற்கும். அதற்காக மைனஸ் 14ஐ வேதவாக்காக எடுத்துக்கொள்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. குத்துப்பாட்டு மைனஸ் 9இல் துடிப்பாக இருந்தால் இருக்கட்டும். வீணைத் தனிக்கச்சேரி மைனஸ் 18இல் நிற்கட்டும்.

இப்படி உச்சங்களை நசுக்கும் லிமிட்டர் என்ன செய்கிறது என்று எனக்குப் புரியவைத்தது தம்புராதான். கச்சேரிப் பதிவில் மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லும் மீட்டரில் ஊசிபோல் உயர்ந்து நிற்கும். பாடுபவரின் குரல் அதற்கு வெகு கீழே இருக்கும். மொத்தத்தையும் உயர்த்த லிமிட்டரைப் போட்டால், அது ஒவ்வொரு அடிக்கும் எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கிவிட்டு விடுவிக்கும். சினிமாப் பாட்டில் டிரம்ஸும் கீபோர்டும் இதை மறைத்துவிடும். தம்புரா இடைவிடாமல் ஒலிப்பதால் அங்கே மறைக்க இடமில்லை: ஒவ்வொரு அடிக்கும் உள்வாங்கும், பிறகு வீங்கி வரும். ஆகவே அமுக்கியதை விடுவிக்கும் ரிலீஸ் நேரத்தை வைக்கும்போது குரலையும் மிருதங்கத்தையும் மறந்துவிட்டுத் தம்புராவை மட்டும் கேளுங்கள். அது ஆடாத இடம் வரைக்கும்தான் சத்தத்தை ஏற்றலாம்.

ஆலாபனையின் தொடக்கத்தில் குரல் சுருதியோடு கலந்து மெல்ல எழுகிறது. தனி ஆவர்த்தனத்தின் முத்தாய்ப்பு இடியாக விழுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைக் கெடுக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் பஸ்ஸில் இயர்போனோடு போகிறவருக்கு ஆலாபனையின் முதல் நிமிடம் கேட்காமலும் போகக்கூடாது. இதற்குக் கம்ப்ரஸரைவிடக் கையே மேல். அந்தப் பகுதியை மட்டும் ஃபேடரில் ஒன்றிரண்டு டெசிபல் ஏற்றி, பல்லவி வருவதற்குள் யாருக்கும் தெரியாமல் பழைய இடத்துக்கு இறக்கிவிடலாம்.

கற்பனை ஸ்வரம் பாடும்போது ‘ஸ’ சீறினால் டீ-எஸ்ஸரைத் தேடத் தோன்றும். நம்மிடம் இருப்பது எல்லாம் சேர்ந்த ஒரே ஸ்டீரியோ கோப்பு. குரலின் சீறலை அடக்கப் போனால் வயலின் வில்லின் உரசலும் சேர்ந்து மழுங்கும். மிக்ஸ் செய்தவரைக் கூப்பிட்டு, குரல் ட்ராக்கில் மட்டும் அதைச் சரிசெய்து அனுப்பச் சொல்வதே நேர்மையான வழி.

அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் கிடைப்பது பத்துக்குப் பத்து அறை. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அறையின் நீளம் 3 மீட்டர். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் 57 ஹெர்ட்ஸை ஒட்டிய பேஸ் சுவரோரம் உறுமும், அறையின் நடுவில் நாற்காலி போட்டால் வற்றிவிடும். நடுவில் உட்கார்ந்து பேஸ் போதவில்லை என்று ஏற்றினால், காரில் அந்தப் பாட்டைப் போடும்போது கதவு அதிரும். முட்டை அட்டை ஒட்டுவதால் பேஸுக்கு ஒரு பயனும் இல்லை. கனமான ராக்வூலை மூலைகளில் தடிமனாக அடுக்குவது உதவும். ப்ளகினுக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் போடுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஒரு நல்ல ஹெட்ஃபோனும், நெடுநாள் பழகிய சில பதிவுகளும் போதும். 1986இல் வந்த இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’டில் வி.எஸ்.நரசிம்மன் வாசித்த வயலினை நான் அப்படி வைத்திருக்கிறேன்.

முதல் வேலையை நண்பர் ஒருவரின் பாட்டிலேயே செய்யுங்கள். இரண்டு விதமாக மாஸ்டர் செய்து, கைபடாத மிக்ஸையும் மூன்றாவதாகச் சேர்த்து, மற்ற இரண்டையும் அதன் சத்தத்துக்கு இறக்கிக் கொடுங்கள். எது எது என்று சொல்ல வேண்டாம். அவர் அந்த மிக்ஸையே தேர்ந்தெடுத்தால், உச்சத்தை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு அதையே வெளியிடச் சொல்லுங்கள்.